பாலசுந்தரத்தின் பச்சைப் புள்ளி

கொழும்பு வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது டிலக்ஷி குடியிருக்கும் தொடர்மாடி. அங்கே பாதி வீடுகளில் முதியவர்கள் தனியாக இருக்கிறார்கள். பிள்ளைகள் கனடாவில், இலண்டனில். கொட்டாஞ்சேனையில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பைதன் படிப்பிக்கும் டிலக்ஷி, இந்த முதியவர்களுக்காகச் சின்னதாக ஒரு கணினி நிரல் எழுதினாள். காலையில் அவர்களுடைய ஃபோனுக்குச் "சுகமா?" என்று செய்தி போகும். ஆமென்று "ஓம்" எழுதினால் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி, "இல்லை" என்றாலோ பதிலே வராவிட்டாலோ சிவப்பு. பிள்ளைகள் எங்கிருந்தும் பார்த்துக்கொள்ளலாம்.

நாலாம் மாடிப் பாலசுந்தரம், துறைமுகத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற லிகிதர், கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"பிள்ளை, எங்கட சனம் சாகக் கிடந்தாலும் சுகம் எண்டுதான் சொல்லும். சிவப்பு வீண் செலவு."

டிலக்ஷியும் அப்படித்தான் நினைத்தாள். "ஓம்" என்று எழுதிச் சோதித்தாள்: பச்சை. பதிலே இல்லாமல் சோதித்தாள்: சிவப்பு. போதும் என்று விட்டுவிட்டாள்.

பாலசுந்தரம் பின்னேரங்களில் உளுந்துவடை வாங்கிவந்து, காவலாளி பிறெடிக்கு ஒன்று கொடுத்து, "மகளுக்குச் சொல்லிப்போடாத" என்பார். ஒருநாள் வடையும் வரவில்லை, ஆளும் வரவில்லை. பிறெடி மேலே போய்க் கதவைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. காலையிலேயே நெஞ்சுவலி தொடங்கியிருக்கும் என்றார் டொக்டர். அன்று காலை பஸ்ஸுக்கு ஓடிய டிலக்ஷி அந்தக் கதவைக் கடந்துதான் போனாள். ஃபோனில் பச்சை தெரிந்தது, தட்டவில்லை.

செத்தவீடு முடிந்த பிறகு அவர் அனுப்பிய பதிலைத் திறந்து பார்த்தாள். ஒரே ஒரு சொல்: "இல்லை."

அந்தச் சொல் ஏன் பச்சையானது என்பது, வகுப்பில் முதல் வாரமே அவள் சொல்லிக்கொடுப்பதுதான். முழு எண், தசம எண், எழுத்துச்சரம், மெய் பொய் என்று தரவுக்கு வகைகள் உண்டு. எழுத்துச்சரத்தை மெய்யா பொய்யா என்று மாற்றச் சொன்னால் பைதன் அதன் பொருளைப் படிக்காது. வெறுமையாக இருந்தால் பொய். ஓர் எழுத்து இருந்தாலும் மெய். "இல்லை" என்பதும் அதற்கு மெய்தான். அவள் எழுதிய வரி அந்த மாற்றத்தைத்தான் செய்தது.

வரியைத் திருத்தினாள். ஆனாலும் பச்சையை நம்ப முடியவில்லை. காலையில் ஒவ்வொரு கதவாகத் தட்டத் தொடங்கினாள். "இன்னும் உயிர் போகேல்லையடி பிள்ளை, நாளைக்கு வா" என்று சிரித்தாள் கீழ்வீட்டு றஞ்சிதம் அன்ரி. டிலக்ஷிக்குச் சிரிப்பு வரவில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவுக்கு மறுநாள், கனடாவிலிருந்து வந்திருந்த பாலசுந்தரத்தின் மகள் வதனி, அந்த நாலாம் மாடி வீட்டில் டிலக்ஷியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசிக் காலமையும் அப்பா சுகமா இருந்தவர் எண்டு உங்கட பச்சைதான் காட்டினது. அதொண்டுதான் எனக்கு ஆறுதல்."

தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். அந்தக் கை சூடாக இருந்தது.

"அக்கா, அது பிழையான பச்சை. அங்கிள் 'இல்லை' எண்டுதான் எழுதினவர். நான் எழுதின நிரல் அதை 'ஓம்' எண்டு எடுத்திட்டுது."

வதனி கையை விட்டாள். அப்பாவின் கதிரையைப் பார்த்தாள்.

"அந்தப் பச்சையைப் பாத்திட்டுத்தான் அண்டைக்கு நான் அப்பாவுக்குக் கோல் எடுக்கேல்லை" என்றாள். பிறகு, "இதை ஏன் எனக்குச் சொன்னனீங்கள்?"

டிலக்ஷி எழுந்து வெளியே வந்தாள். வதனி கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

மறுநாள் காலையும் டிலக்ஷி கதவுகளைத் தட்டிக்கொண்டு வந்தாள். நாலாம் மாடியில் அந்தக் கதவுக்கு முன்னால் உயர்ந்த கையை இறக்கிக்கொண்டு, படியிறங்கினாள்.