தரையைக் கடைசிக்கு வைத்தேன்

மட்டாஞ்சேரிக் கொச்சங்காடியில் நடந்து போனால் கிடங்குகளின் இரும்புக் கதவுகளைக் கவனித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் நான் செய்தவை. பிராட்வேயில் ஒரு துணிக்கடையின் ஷட்டரை இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்குவார்கள்; ஒற்றைக் கையால் ஏறும்படி அதை மாற்றிக் கொடுத்தேன். திருப்பூணித்துறையில் ஒரு பள்ளிக்கூடத்து மாடிப்படிக்குக் கைப்பிடி போட்டேன். நான் படித்தது நான்காம் வகுப்பு. அந்தப் பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்குப் பிடித்து ஏறுவது என் கம்பியைத்தான்.

தென்காசிப் பக்கமிருந்து பன்னிரண்டு வயதில் மட்டாஞ்சேரிக்கு வந்தபோது என்னிடம் இரண்டு சட்டை இருந்தது. மலையாளத்தில் ஒரு வார்த்தை கிடையாது. வெல்டிங்கை யாரும் எனக்குக் கற்றுத் தரவில்லை. படகுப் பட்டறைகளில் வேடிக்கை பார்த்து, கண் வீங்கி, நானே பிடித்துக்கொண்டது. சொந்தப் பட்டறை, சொந்த வீடு, தம்பிக்குக் கல்யாணம், தம்பிக்கு ஒரு வண்டி, எல்லாம் இந்தக் கை செய்தது. அந்த வண்டியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். இவ்வளவு நேரம் வேறு ஏதேதோ சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அது பொக்லைன் வண்டி. முன்னால் அள்ளும் வாளி, பின்னால் தோண்டும் கை, நடுவில் ஓட்டுகிறவனுக்குக் கேபின். பழைய இரும்புக்குப் போக இருந்ததை வாங்கினேன். பார்த்த மெக்கானிக்குகள் எல்லாரும் கையை விரித்தார்கள். ஓட வைத்தேன். பதினோரு வருடம் அதில் என் தம்பி உட்கார்ந்தான். என்ஜினை என்னால் காப்பாற்ற முடிந்தது. கேபினை உப்புக் காற்று தின்றுவிட்டது. கூரை ஒழுகியது. தூண்கள் அடியில் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தன. தரைத்தகட்டில், இடது கால் வைக்கும் இடத்தில், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓட்டை. அதன் விளிம்பு ரம்பப்பல் போல நின்றது. மேலே ஒரு பலகையைப் போட்டுத் தம்பி சமாளித்துக்கொண்டிருந்தான்.

புதிய கேபின் வாங்கலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். உதிரிபாகக் கடைக்காரர் தெருவில் என்னை நிறுத்தியே, பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகச் சொன்னார்.

"அண்ணாச்சி, ரெடிமேட் கேபின் வரும். பத்து திவசம் போதும். எந்தினா இந்தக் கஷ்டம்?"

"என் கதவுக்குள்ள உக்காந்து யாவாரம் பண்ணிக்கிட்டு எனக்கே கேபின் விக்கிறீங்களா சேட்டா?" என்றேன். அவர் கடைக் கதவும் நான் செய்ததுதான்.

தம்பி பக்கத்தில் நின்று சிரித்தான். "வாங்கிருண்ணே. நீ ஆரம்பிச்சா கோயில் கட்டுற மாதிரி இழுக்கும்."

"ஏலே, கடைக்காரன் ஒனக்கு அளவெடுத்தா செய்வான்? நான் அளவெடுத்துச் செய்யுதேன்."

அப்படியே செய்தேன். தம்பி குள்ளம். இடது முட்டி முழுதாக மடங்காது. பழைய சீட்டைப் பட்டறை நடுவில் போட்டு அவனை உட்கார வைத்தேன். தலையில் துண்டு கட்டச் சொல்லி அந்த உயரத்துக்குச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டேன். தோண்டுவதற்குப் பின்பக்கம் திரும்பும்போது முட்டி எங்கே வரும் என்று பார்த்து, இடது தூணை நான்கு விரல் வெளியே தள்ளினேன்.

"கழுத்தையும் அளந்துக்கண்ணே. காலர் வச்சுரலாம்" என்றான். பிறகு சிரிக்காமல் சொன்னான்: "தரைய மொதல்ல முடிச்சிரு. மேல ஒழுகினா துண்டு இருக்கு. கீழ கால் வைக்கத்தான் பயமா இருக்கு."

"தரைய எவன்லே பாக்கப் போறான்? ரோட்டுல போறவன் மேலதான் பாப்பான். மொதல்ல கூரை."

இதைச் சொன்னது நான்தான். பட்டறையில் வேறு யாரும் இல்லை. இருந்திருந்தால் இந்நேரம் யாராவது எனக்கு இதைத் திருப்பிச் சொல்லியிருப்பார்கள்.

கூரை நன்றாக வந்தது. மழைத்தண்ணீர் பின்பக்கம் வழியும்படி வளைத்தேன். ஓரங்களை உருட்டினேன். நெற்றியில் பட்டறையின் பெயர், இரண்டு பக்கமும் விளக்கு, மஞ்சள் பெயிண்ட். எதிர்ச் சாயாக் கடையில் இருந்தவர்கள் டம்ளரோடு எழுந்து வந்து பார்த்தார்கள். போனில் படம் எடுத்தார்கள். நான் கூரைக்குக் கீழே நின்றேன்.

மழைக்கு முன்னால் தோடு வாரும் வேலை வந்தது. கால்வாயை இங்கே தோடு என்போம். எட்டு நாள் வேலை. தரைக்கான தகட்டை வெட்டிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். அதைப் பொருத்த அரை நாள் போதும். ஆனால் பெயிண்ட் காய்ந்துவிட்டது. வண்டி தெருவில் போகட்டும், நாலு பேர் பார்க்கட்டும் என்று எனக்கு இருந்தது.

"வந்ததும் தரை" என்றேன்.

"வெளிய மாப்பிள்ளச் சட்டை, உள்ள கிழிஞ்ச பனியன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

மூன்றாம் நாள் தோட்டுக் கரைக்குப் போனேன். தலைத்துண்டு அவன் காலில் கட்டியிருந்தது.

"என்னலே?"

"பலக நழுவிட்டு. பூன பிறாண்டின மாதிரிதான்."

வாளிப் பற்களில் பிளாஸ்டிக்கும் பாசியும் சிக்கியிருந்தன. அந்தக் காலோடு தோட்டுக்குள் இறங்கி, முழங்கால் அளவுக் கறுப்புத் தண்ணீரில் நின்று பிடுங்கினான். நான் கரையில் நின்று பார்த்தேன். வண்டியைப் பட்டறைக்கு விடு என்று சொல்லவில்லை. காலைக் கழுவு என்றுகூடச் சொல்லவில்லை. நான் கேட்டது, "கூரை எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குண்ணே. மழ வராதான்னு இருக்கு."

வேலை முடிந்து நான்காம் நாள் அவனுக்குக் காய்ச்சல். கெண்டைக்கால் வலியில் எழுந்து நிற்க முடியவில்லை. கண் சிவந்தது, பிறகு மஞ்சளானது. ஆஸ்பத்திரியில் எலிப்பனி என்றார்கள், நம் ஊரில் சொல்லும் எலிக்காய்ச்சல். அழுக்குத் தண்ணீரிலிருந்து காயம் வழியாக ஏறுமாம். டாக்டர் காலைப் பார்த்துவிட்டு, இது எப்படிப் பட்டது என்று மலையாளத்தில் கேட்டார். என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் தம்பி படுத்தபடியே சொன்னான்: "வேலையில பட்டதுதான் டாக்டர். எனக்குத்தான் சிரத்தை இல்லாமப் போச்சு."

திறந்த வாயை மூடிக்கொண்டேன். மறுநாளும் திறக்கவில்லை. அதற்கு அடுத்த நாள் தம்பி இல்லை.

பதினாறு கழிந்த மறுநாள் பட்டறையைத் திறந்து தரைத்தகட்டைப் பொருத்தினேன். அரை நாள்கூட ஆகவில்லை. இத்தனை வருடத்தில் நான் போட்ட வெல்டிங்கில் சுத்தமானது அதுதான். சொல்ல வாய் கூசுகிறது, ஆனாலும் உண்மை.

இப்போது ஓட்டுகிறவர் உயரமானவர். பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் தலை இடிக்கிறது. "அண்ணாச்சி, இது ஆருக்கு உண்டாக்கின கேபின்?" என்று கேட்டார். கூரையை நான்கு விரல் ஏற்றித் தரச் சொல்கிறார். நான் இன்னும் கூரையில் கை வைக்கவில்லை.

தம்பி மனைவி வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்: "அவுகளுக்குன்னே அளவெடுத்து அத்தான் செஞ்சது. கூடப் பொறந்தவன் மேல எம்புட்டுப் பிரியம் இருந்தா செய்வாக." அவள் அதைச் சொல்லும்போது நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். மழைக்காலம் வந்தால் தம்பி போய் வருடம் திரும்புகிறது. தம்பி மகள் அவன் படத்தைக் கேபினுக்குள் மாட்டப் போகிறாள். அதன் கீழே ஒரு பலகையில், பெரியப்பா தன் கையால் கட்டிய கேபின் என்று மலையாளத்தில் எழுதப் போகிறாளாம். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. இதை யாராவது அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

மகளே, என் வேலையில் என் பங்கைக் குறைத்துச் சொல்ல நான் யாரையும் விட்டதில்லை. உன்னையும் விட மாட்டேன். கூரை நான் போட்டது, எழுது. தூணும் நான் நிறுத்தியது. அரை நாள் வேலையைத் தள்ளிப் போட்டு, ஓட்டைத் தரையோடு உன் அப்பாவைத் தோட்டுக்கு அனுப்பியதும் நான்தான். சிரத்தை இல்லாமல் போனது எனக்கு. அதையும் அதே பலகையில், அதே அளவு எழுத்தில், என் பங்கு என்று எழுது.