வேலை வராத வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம்

போன சனிக்கிழமை புரட்டாசி மூன்றாம் சனி. கும்மிடிப்பூண்டியில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் பெருமாளுக்குப் படையல். ஞானமணி வீட்டில் மட்டும் ஸ்தோத்திரக் கூட்டம்.

நல்லது நடந்தால் நாலு பேரைக் கூப்பிட்டு, பாடி, ஜெபித்து, சாப்பாடு போடுவது எங்கள் சபை வழக்கம். ஆனால், நடந்த பிறகல்லவா கூப்பிட வேண்டும்?

ஞானமணி முந்திவிட்டார். கணவர் தேவசகாயம் புதிதாக வந்த இரும்புக் கம்பி ஆலையில் தினக்கூலி. “இந்தத் தடவை நீ பெர்மனென்ட்” என்று சூப்பர்வைசர் சொன்னாராம். போதாதா? ஞாயிறு ஆராதனையிலேயே அறிவிப்புக் கொடுத்துவிட்டார்!

வெள்ளிக்கிழமை ஆர்டர் வந்தது... வேறொருவர் பெயருக்கு.

கூட்டத்தை நிறுத்தியிருப்பார்கள் என்று நினைத்து, ஆறுதல் சொல்லப் போனேன். வாசலில் பாய் விரித்திருக்கிறது. உள்ளே வடை வாசனை! பக்கத்து வீட்டாரும் சாப்பிட வேண்டுமே என்று சைவச் சமையல் வேறு.

“இன்னாம்மா இது?”

“கூப்ட்டது கூப்ட்டதுதாண்ணே. ஒக்காருங்க.”

“தேவசகாயம் எங்கே?”

குரலைத் தாழ்த்தினார். “பின்னால கெணத்தாண்ட ஒக்காந்துகினு கீறாரு. இனிமே கோயிலுக்கும் வரமாட்டாராம், ஜெபத்துக்கும் வரமாட்டாராம். வேலை போனா போவுது... இவரு ஆண்டவரையே உட்டுட்டா நான் இன்னாண்ணே பண்ணுவேன்?”

எங்கள் போதகர், சபை ஐயர் வந்தார். பாட்டு முடிந்தது. பாவம், அவர் தயாரித்த பிரசங்கம் வேலை கிடைத்தவருக்கானது. வேதாகமத்தைப் புரட்டினார்... புரட்டிக்கொண்டே இருந்தார். பக்கத்து வீட்டு ரங்கநாயகம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு ஐயரையே கேட்டார்: “இன்னா விசேஷம், நைனா?”

ஐயர் ஞானமணியைப் பார்த்தார்.

“நான் சொல்றேன்” என்று பின்கட்டிலிருந்து ஒரு குரல். முகம் கழுவிய ஈரத்தோடு தேவசகாயம்.

“நேத்துலேர்ந்து ஆண்டவரைத் திட்டிக்கினு இருந்தேன். ஏன் இப்படிப் பண்ணே, நான் இன்னா கொறை வெச்சேன்னு... வாய் வலிக்கிற வரைக்கும். திட்டி முடிச்சிட்டுப் பாத்தா, அவரு எழுந்து போவல. பக்கத்துலயே கீறாரு! எனக்கே சிரிப்பு வந்துட்ச்சி. இவ்ளோ நேரம் யாருங்க ஒக்காந்து கேப்பாங்க?”

“ஏன், நான் கேக்கலியா?” என்றார் ஞானமணி, கையில் வடைத் தட்டோடு.

“நீ நடுவுல பதில் சொல்லுவியேம்மே!”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஞானமணி மட்டும் சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐயர் வேதாகமத்தை மூடினார். “பிரசங்கம் முடிஞ்சிபோச்சி. ஜெபிச்சிட்டுச் சாப்பிடலாம்.”

இந்த மாதிரிச் சந்தோஷத்தைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது இப்போதுதான். ஆர்டரோடு வருகிற சந்தோஷத்தை இன்னொரு ஆர்டர் வந்து எடுத்துக்கொண்டு போய்விடும். கடவுள் பக்கத்தில் இருக்கிறார் என்று தெரிந்துகொண்ட சந்தோஷத்தை எந்த மேனேஜர் வந்து ரத்து செய்ய முடியும்? தேவசகாயம் இன்னும் தினக்கூலிதான். ஆனால் அன்று பந்தியில் அதிகம் சாப்பிட்டவர் அவர்தான்!

மறுநாள் கோயிலில் முதல் வரிசையில் நின்றார். எல்லார் குரலுக்கும் மேலே அவர் குரல். ராகம்தான்... அதை ஆண்டவர் பொறுத்துக்கொள்வார், எங்களுக்குத்தான் கஷ்டம்!