கவச வண்டியும் ரதீமின் இடது கண்ணும்

என் கணவர் ரதீம் முப்பத்தோரு ஆண்டுகளாக ஜெர்மன்காரனாகச் செத்துக்கொண்டிருந்தார். பிராக் நகருக்குப் போர்ப் படம் எடுக்க எவன் வந்தாலும் எங்கள் கொட்டகைக்குத்தான் ஆள் அனுப்புவான். ஜெர்மன்காரன் ஓட்டிய அசல் போர் வண்டிகளை அருங்காட்சியகக்காரர்கள் தொடக்கூட விடமாட்டார்கள். எங்களுடையது போர் முடிந்து பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, அதே அச்சில் இங்கேயே செய்த கவச வண்டி. முன்னால் டயர், பின்னால் சங்கிலிப்பட்டை. கூரையை அறுத்துவிட்டுக் கறுப்புச் சிலுவை வரைந்தால் எவனுக்கும் வித்தியாசம் தெரியாது. வரைவது நான், ஓட்டுவது அவர்.

படப்பிடிப்பில் ஓட்டுபவருக்கு எதிரே உள்ள இரும்புத் தகட்டை மூடிவிடுவார்கள். இரண்டு விரல் அகலச் சந்து வழியாகத்தான் பார்த்து ஓட்டவேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய இடது கண் அவிந்துபோனது. டாக்டர் ஓட்டக்கூடாது என்றார்.

"யோவ், விட்டுத் தொலையேன்" என்றேன்.

"இத விட்டா நான் யாருடி ஸ்தேனா?" என்றார்.

நானும் உடந்தையானேன். கேமராவுக்குத் தெரியாமல் அவர் முதுகுக்குப் பின்னால் குறுகி உட்கார்ந்து, வண்டியின் இடப்பக்கத் துளை வழியே பார்ப்பேன். இடது தோளை அழுத்தினால் இடப்பக்கம், வலது தோள் வலப்பக்கம், இரண்டையும் சேர்த்து அழுத்தினால் நிறுத்து. ஐம்பத்தெட்டு வயதில் இந்தச் சனியன் பிடித்த பிழைப்பு. இடுப்பு விட்டுப்போகும். ஒவ்வொரு நாளும் இன்றோடு போதும் என்று நினைப்பேன்.

அந்தப் பிப்ரவரியில் ஜாதெத்ஸ் ஊர்ச் சதுக்கத்தில் வேலை. கல் தரையில் இருபக்கமும் பிணங்களாகத் துணை நடிகர்கள். நடுவே வண்டி போகவேண்டும். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று உடைக்காரர்கள் ரதீமுக்கு உள்ளே ஆட்டுரோமம் வைத்த தடித்த கோட்டு கொடுத்தார்கள். சந்தோஷமாகப் போட்டுக்கொண்டார். எனக்கும் புத்தி எட்டவில்லை.

வண்டி நகர்ந்தது. இடப்பக்கம் எங்கள் போஷேனா அக்கா, எழுபது வயது, எல்லாப் படத்திலும் பிணம். கல் குத்துகிறதென்று, படுக்கச் சொல்லித் தரையில் போட்டிருந்த குறியை விட்டு நகர்ந்து, தலையை டயர் வரும் வழியில் வைத்திருந்தாள். இரண்டு தோளையும் அழுத்தினேன். கோட்டு அழுத்தத்தை விழுங்கிவிட்டது. கத்தினேன், எஞ்சின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? கடைசியில் அவர் தலைமுடியைப் பிடித்து இழுத்தேன். பிரேக் போட்டார்.

"பிரமாதம்! ஒரு சாண் இடைவெளி! இன்னொரு தடவ, இதே மாதிரி!" என்று ஒலிபெருக்கியில் கூவினார் இயக்குநர்.

ரதீம் இறங்கிப் போய்ப் பார்த்தார். டயருக்குப் பக்கத்தில் அந்த நரைத்த தலை. அக்கா கண்ணைத் திறக்கவேயில்லை.

"நல்லா செத்தேனா தம்பி?"

"எந்திரிங்கக்கா." என்று குனிந்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "எனக்கு இந்தப் பக்கம் கண்ணு தெரியாது. ரெண்டு வருஷமா தெரியாது. இவங்கள நான் பாக்கவே இல்ல" என்றார்.

எனக்கு அழுகையும் வந்தது, அப்பாடா என்றும் இருந்தது. அக்கா மெதுவாக எழுந்து உட்கார்ந்து டயரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"அப்ப இந்த ரெண்டு வருஷமும் உங்க வண்டிக்கு முன்னாடி கண்ண மூடிட்டுப் படுத்துக் கெடந்தது நான்தானே?"