தறிச் சத்தத்தில் கேட்குமா?

கடையில் முதலில் எடுத்துக் காட்டிய வீடியோ கேம் ரொம்ப மெதுவாகப் பேசியது.

அக்கா மகளுக்கு நாலு வயது. எண்ணும் எழுத்தும் சொல்லித்தரும் கேம் வாங்கிவர அக்கா என்னை அனுப்பியிருந்தாள். எங்கள் வீட்டுக்குள்ளேயே தறி ஓடும். பாடம் காதில் விழாவிட்டால் வாங்கி என்ன பயன்? கடைக்காரம்மாவிடம் அதைக் கேட்கவும் கூச்சம்.

"ஏனுங்க, தறிச் சத்தத்துல இது கேக்குமுங்களா?" ஒருவழியாகக் கேட்டுவிட்டேன்.

கடைக்காரம்மா சிரித்தார். "எங்க ஊட்லயும் தறிதான் சாமி. அது சரிப்படாது, இதக் கேளு."

வேறொன்றை எடுத்துச் சத்தத்தை முழுசாகக் கூட்டினார்.

"இரண்டும் மூன்றும் எத்தனை?" என்று அது கத்தியது. கடையே என்னைத் திரும்பிப் பார்த்தது.

அப்பாடா, இது தறியையே மிரட்டும்!

அதில் ஐந்தாம் எண் பொத்தானை அழுத்திவிட்டு, "இதையே கொடுங்க" என்றேன்.