அணைத்த பிறகும் அடித்த ஹாரன்

படுத்த நிலையில் ஒருவரை மதுரையிலிருந்து கழுகுமலைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. மாமாவுக்கு, அதாவது என் மனைவி மாலதியின் அப்பாவுக்கு, தொடை எலும்பு முறிவு. இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. ஆம்புலன்ஸ் என்றதும், "பொணம் வருதுன்னு தெருவே கூடிரும்" என்று மறுத்துவிட்டார். நண்பன் ஒருவன் பழைய டெம்போ வேனை வீட்டு வண்டியாக மாற்றி வைத்திருந்தான். கட்டில், மின்விசிறி, சின்ன கேஸ் அடுப்பு. கேட்டு வாங்கினேன். 2007, ஐப்பசி. நடக்க முடியாதவரோடு இப்படிப் போக நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

காலை பத்தரைக்குப் புறப்பட்டோம். கோவில்பட்டி வரை சுமார் நூறு கிலோமீட்டர். மெதுவாகத்தான் ஓட்டினேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்னாலிருந்து ஒரு "யம்மா". சாத்தூர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. கோவில்பட்டியில் டீசல் எண்ணூறு ரூபாய்க்கு. அங்கே சாப்பிட்டு, மழை விடும் என்று காத்திருந்து, விடாததால் கிளம்பினோம். கழுகுமலைக்கு இன்னும் இருபது கிலோமீட்டர் சொச்சம்.

பாதி வழியில் வாடை.

பிளாஸ்டிக் கருகும் வாடை. வெளியிலிருந்து வருகிறது என்று நம்ப விரும்பினேன். மாலதி குனிந்து மோந்து பார்த்தாள். "கட்டிலுக்கு அடியிலருந்து வருது."

கட்டிலுக்கு அடியில் பேட்டரி. வண்டிக்கும் உள்ளே உள்ள விசிறி விளக்குக்கும் அது ஒன்றுதான். பக்கத்தில் கட்-ஆஃப் ஸ்விட்ச், அதன் சிவப்புக் குமிழ் மட்டும் வெளியே. திருப்பினால் வண்டி முழுக்க மின்சாரம் நிற்க வேண்டும். ஒரு பலகைத் தடுப்பு தள்ளி கேஸ் சிலிண்டர். எல்லாவற்றுக்கும் மேலே மாமா.

எங்கே நிறுத்துவது? சாலையின் இருபுறமும் ஊறிய கரிசல். இறங்கினால் சக்கரம் புதையும். தார் மேலேயே நின்றால் மழைக்குள் வரும் லாரிக்காரனுக்கு நாங்கள் தெரியமாட்டோம். ஒரு கிலோமீட்டர் போனதும் ஒரு கேட், முன்னால் சிமெண்ட் தளம். திருப்பிவிட்டேன். பலகையைப் பிறகுதான் படித்தேன். தீப்பெட்டி ஆபீஸ். தொழிற்சாலையை இங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள்.

மழைக்குச் சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்ட ஒரு பெண் வண்டிக்கு முன்னால் வந்து நின்றாள். காவல்காரி.

"எஞ்சினை நிப்பாட்டுங்க. கட்-ஆஃபை அணைங்க. அணைச்சிட்டு ஹாரன் அடிங்க."

"ஹாரனா?"

"அடிச்சுக் காட்டுங்க தம்பி. கரண்டு செத்துருக்கான்னு பாக்கணும்லா. மர லோடு லாரியெல்லாம் இங்கன அப்படித்தான்."

எஞ்சினை நிறுத்தினேன். பின்னால் போய்க் குமிழைத் திருப்பினேன். திரும்பி வந்து, "அணைச்சாச்சு" என்று ஹாரனை அழுத்தினேன்.

அடித்தது. நன்றாகவே.

"அணைச்சாச்சுன்னீய? ஆட்டுக்குட்டி கணக்கா கத்துது!" சிரித்தாள். பிறகு வாடை அவளை எட்டியது. சிரிப்பு நின்றது. "ஏ தம்பி, உள்ள மருந்து முக்குன குச்சி காயுது. அம்பது பொம்பளைய இருக்கோம். இனிமே சாவியத் தொடாதீய."

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். உள்ளே ஒருவர் இருக்கிறார். நடக்க முடியாது. அவரை எடுத்தால்தான் கட்டில் பலகை திறக்கும்.

அவள் உள்ளே திரும்பிக் கத்தினாள். நீளமான பெஞ்சுப் பலகை ஒன்றோடு ஆறு பெண்கள் ஓடி வந்தார்கள்.

"ஏட்டி, கால்மாட்டை அசைக்காமப் பிடி."

"மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரில்லா இருக்கு!"

"கட்டுப் போட்ட மாப்பிள்ளை. தாலி கட்டாம ஓட முடியாது."

"சிரிங்கட்டி, சிரிங்க. கீழ மட்டும் போட்டுறாதீய" என்றார் மாமா. குரல் அவருடையதாக இல்லை. என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். மாலதி விரல் விரலாக எடுத்துவிட்டாள்.

அவரை அவர்கள் ஆபீஸுக்குள் கொண்டுபோனதும் வண்டியில் நான் மட்டும். கேஸ் வால்வை மூடி, சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய் மழையில் தூரமாக வைத்தேன். எல்லாக் கதவுகளையும் திறந்தேன். பலகையைத் தூக்கினேன். ஸ்விட்ச்சின் ஒரு பக்கம் உருகிச் சரிந்திருந்தது. கம்பியை இறுக்கும் நட்டு, வழியெல்லாம் குலுங்கித் தளர்ந்திருக்கிறது. தளர்ந்த இடத்தில் சூடு. சூட்டில் உள்ளே தகடுகள் ஒட்டிக்கொண்டன. குமிழ் மட்டும் சும்மா சுற்றியது.

ஸ்பானரின் பிடியில் துணியைச் சுற்றினேன். தவறி அது பாசிட்டிவையும் வண்டியின் இரும்பையும் ஒன்றாகத் தொட்டால் போதும், பொறி பறக்கும்.

பின்னால் மணல் வாளியோடு காவல்காரி. "நான் நிக்கேன். செய்யிங்க."

முதலில் நெகட்டிவ். நட்டு அசைந்தது. கம்பியை இழுத்தேன். விளக்கொன்றை அணைக்க மறந்திருக்கிறேன். விலகும்போது நீலமாக ஒரு துளிப் பொறி. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

"ஹாரன்" என்றாள்.

அழுத்தினேன். மழைச் சத்தம் மட்டும்.

இன்னும் ஒன்பது கிலோமீட்டர். ஆட்டோவில் மாமாவின் கால் நீளாது. ஸ்விட்ச்சைக் கழற்றிவிட்டு, அதில் வந்து சேரும் இரண்டு கம்பிகளையும் ஆபீஸில் கொடுத்த போல்ட்டால் நேராக முடுக்கி, மேலே சைக்கிள் டியூபைச் சுற்றினேன். வண்டியைப் பெண்களே சாலை வரை தள்ளிவிட்டார்கள். அங்கே வைத்துத்தான் நெகட்டிவை மாட்டினேன்.

பெண்கள் சாலைக்குத் தூக்கி வந்த பலகையில் படுத்தபடி மாமா வண்டியைப் பார்த்தார். "மாப்ள, பயமாருக்கு." அந்தச் சொல்லை அவர் வாயில் அதுவரை கேட்டதில்லை.

"எனக்கும்தான் மாமா."

மாலதிதான் பேச்சை முடித்தாள். "நான் டியூப் சுத்துன முடிச்சு மேல கைய வச்சுக்கிட்டே வாரேன். சுட்டாச் சொல்லுதேன்."

மாமாவை மறுபடி கட்டிலில் ஏற்றியதும் அவள் தரையில் உட்கார்ந்து, ஸ்விட்ச் இருந்த ஓட்டை வழியாகக் கட்டிலுக்கு அடியில் கையை விட்டுக்கொண்டாள். சாவியைத் திருப்பினேன். வழி நெடுக மாமா "இப்ப?" என்பார். அவள் "சுடலப்பா" என்பாள். ஐந்து மணிக்கு வீடு.

உங்களுக்கு. குமிழ் திரும்புவதை நம்பாதீர்கள்; அணைத்த பிறகு விளக்கைப் போட்டுப் பாருங்கள். எரிந்தால், முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். பிறகு ஸ்விட்ச்சின் ஒரு பக்கக் கம்பியை விலக்கி, நெகட்டிவை மறுபடி மாட்டிப் பாருங்கள். இப்போது எல்லாம் செத்தால் கோளாறு ஸ்விட்ச்சில். இன்னும் உயிர் இருந்தால், ஏதோ ஒரு கம்பி ஸ்விட்ச்சைத் தாண்டி நேராகப் பேட்டரிக்குப் போகிறது. அதைத் தேட வேண்டும். நட்டுகளை மாதம் ஒருமுறை முடுக்குங்கள். கேஸும் பேட்டரியும் ஒரே பெட்டியில் வேண்டாம். அதற்கு மேல் யாரையும் படுக்க வைக்கவும் வேண்டாம். மெக்கானிக் வரும்வரை என்னைப் போல நேர் இணைப்பில் ஓட்டாமல் இருக்க முடிந்தால், ஓட்டாதீர்கள்.

மறுநாள் கோவில்பட்டியில் புது ஸ்விட்ச், இருநூற்று எண்பது ரூபாய். மாட்ட ஐம்பது. வண்டியை விட்டுவர மதுரைக்குத் தனியாகப் போனேன். வெயில். கட்டில் காலி. விருதுநகர் அருகே செல்போன் அடித்தது. மாமா. எங்கே போய்க்கொண்டிருக்கிறாய், சாப்பிட்டாயா, எதுவும் கேட்கவில்லை.

"சுடுதா மாப்ள?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்கலாம். வண்டியை ஓரம் கட்டினேன். பின்னால் போய், பலகையைத் தூக்கி, கையை வைத்துப் பார்த்தேன். அவர் அதுவரை போனை வைக்கவில்லை.