யார் முதலில் சொல்வது

போன மாதம் செங்கல்பட்டு கோர்ட்டில் என் தங்கை மகளுக்கு விவாகரத்து கிடைத்தது. துணைக்கு நான் போயிருந்தேன். அவளும் அவள் புருஷனும் கேளம்பாக்கம் பக்கம் ஒரே கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். இரண்டு பேரும் சேர்ந்தே மனுப் போட்டார்கள். ஆறு மாதம் காத்திருந்தார்கள். அன்றைக்கு நீதிபதி கேட்டதற்கு ஆளுக்கு இரண்டு வார்த்தை பதில் சொன்னார்கள். வெளியே வந்து ஒரே கடையில் டீ குடித்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

வேண்டாம் என்று முதலில் சொன்னது யார் என்று நீதிபதி கேட்கவே இல்லை. எனக்கு அதுதான் ஆச்சரியம். எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் அந்த ஒரு கேள்வியில்தான் எல்லாமே இருந்தது.

அப்போது நாங்கள் பம்மலில் இருந்தோம். எனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும், தங்கை கைக்குழந்தை. அப்பா தோல் கம்பெனியில் வேலை செய்தார். எங்கள் சனத்தில் குடும்பச் சண்டைக்கு யாரும் கோர்ட்டுக்குப் போனதில்லை. கல்யாணமும் தெருவில்தான், தீர்த்துவிடுவதும் தெருவில்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாரியம்மன் கோயில் வாசலில் பாய் விரிப்பார்கள். நாட்டாண்மைக்காரரும் நாலைந்து பெரியவர்களும் நடுவில் உட்காருவார்கள். பெண் வீட்டார் ஒரு பக்கம், மாப்பிள்ளை வீட்டார் எதிர்ப்பக்கம்.

வேண்டாம் என்று யார் முதலில் வாய்விட்டுச் சொல்கிறார்களோ, குற்றம் அவர்கள் மேல். புருஷன் சொன்னால் வீட்டைப் பெண்டாட்டிக்கு விட்டுவிட்டு அவன் வெளியேற வேண்டும். பெண்டாட்டி சொன்னால் தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கட்டின புடவையோடு அவள் போக வேண்டும். குடித்தது யார், அடித்தது யார், இன்னொரு இடத்தில் குடித்தனம் வைத்தது யார் என்பதெல்லாம் ஊருக்கே தெரிந்திருக்கும். ஆனால் பாயில் உட்கார்ந்த பிறகு அதைப் பேசுவது மரியாதை இல்லை.

அந்த மூன்றில் கடைசியானதை எங்கள் அப்பா செய்திருந்தார். வாரத்தில் பாதி நாள் அவர் பல்லாவரத்தில் இருப்பார். அங்கேயும் அவருக்கு ஷிப்ட் உண்டு என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். இவ்வளவு உழைக்கிறாரே என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

எங்கள் வீடு ஒரே அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ். கட்டும்போது கொத்தனாருக்குச் சித்தாளாக நின்றதே அம்மாதான். அம்மா அப்பாவுக்குப் பாய் விரிக்க நாள் குறித்ததும், அந்த வீடு கைவிட்டுப் போகக் கூடாது என்று கூடுவாஞ்சேரியிலிருந்து என் மாமா முன்கூட்டியே வந்துவிட்டார். அம்மாவுக்குத் தம்பி அவர். சாப்பிடும்போதும் கை கழுவும்போதும் ஒரே பாடம்தான்.

“அக்கா, நீ வாயே தொறக்காத. இன்னா கேட்டாலும் அவரக் கேளுங்கன்னு சொல்லு. அந்தாளா எப்ப வேணாம்னு சொல்றானோ, அப்பவே வூடு உன்னுது.”

அம்மா சரி என்று தலையாட்டினாள். எனக்கு இது பிடித்திருந்தது. வாயைத் திறக்காமல் இருக்கும் விளையாட்டில் எங்கள் தெருவிலேயே கெட்டிக்காரன் நான்தான். அம்மா ஜெயித்துவிடுவாள் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நாட்டாண்மைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு அப்பாவிடம் கேட்டார். “இன்னாப்பா, இந்தப் பொண்ணோட பொழைக்கிறியா, இல்லியா?”

“அதக் கேளுங்க” என்று அம்மாவைக் காட்டினார் அப்பா. அவருக்கும் யாரோ பாடம் எடுத்திருந்தார்கள்.

“நீ சொல்லும்மா.”

“அவரக் கேளுங்க.”

இப்படியே போய்க்கொண்டிருந்தது. நடுவில் பெரியவர்களுக்கு டீ வந்தது. ஒரு பெரியவர் வேறு வழியில் மடக்கிப் பார்த்தார். “சரிப்பா, சேர்ந்து பொழைக்கிறேன்னாவது சொல்லேன்” என்றார். அதையும் இரண்டு பேரும் சொல்லவில்லை. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மீன்காரம்மா, “ரெண்டும் வாய்ல கொழுக்கட்டையா வெச்சினு கீது? வூட்ல ஒல வைக்கணும், சட்டுனு முடிங்கப்பா” என்று சத்தம் போட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. மடியில் தங்கை தூங்கிக்கொண்டிருந்தாள்.

வெயில் ஏறிவிட்டது. எதிர்ப்பக்கத்தில் இருந்து அத்தை, அப்பாவின் அக்கா, என்னைக் கை காட்டிக் கூப்பிட்டாள். அவள் கையில் ஆரஞ்சுக் கலர் பாட்டில் ஒன்று இருந்தது. எனக்குத் தாகம். எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்தேன்.

நாட்டாண்மைக்காரர் பொறுமை இழந்துவிட்டார். “பேஜாராப் பூட்ச்சி. ரெண்டு பேரும் சொல்ல மாட்டேன்றாங்க. அப்ப வயக்கப்படி பிரிச்சி உட்ரலாம். பொம்பள எங்க போவும், வூடு அவளுக்கு. பொண்ணு தாயோட, பையன் அப்பனோட. பையனே அந்தப் பக்கம்தான குந்திகினு கீறான், பாருங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கூச்சத்தில் பாட்டிலைக் கீழே இறக்கினேன். மாமாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். வீடு கிடைத்துவிட்டது. அம்மா ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஜெயித்துவிட்டாள்.

அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள்.

“நான்தான் வேணாம்னு சொல்றேன்.”

“அக்கா!” என்று மாமா அவள் தோளைப் பிடித்தார். அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“குத்தம் என் மேலயே இருக்கட்டும். வூட்ட அவரே வெச்சிக்கட்டும். புள்ளைங்க ரெண்டும் என்னோட வரணும். அவ்ளோதான்.”

“எங்க வூட்டு வாரிசுடி அவன்” என்று அத்தை எழுந்தாள். நாட்டாண்மைக்காரர் அப்பாவைப் பார்த்து, “நீ இன்னாப்பா சொல்ற?” என்றார்.

அப்பா அத்தையை உட்காரச் சொல்லிவிட்டு, “சரிங்க” என்றார். அதுவரை அவர் எதற்கும் அவ்வளவு சீக்கிரம் சரி சொல்லி நான் பார்த்ததில்லை.

பிறகு எல்லாம் சீக்கிரமே முடிந்தது. தாம்பாளத்தில் அம்மா தாலியைக் கழற்றி வைத்தாள். முத்திரைத்தாளில் யாரோ எழுதினார்கள், இரண்டு பேரும் கைநாட்டு வைத்தார்கள். அந்தத் தாள் செல்லுமா என்று போன மாதம் தங்கை மகளின் வக்கீலிடம் கேட்டேன். சனத்து வழக்கம் என்று சாட்சியோடு நிரூபித்தால் செல்லும், இல்லாவிட்டால் செல்லாது என்றார். சாட்சிக்கு அந்தப் பாயில் இருந்தவர்கள் யாரும் இப்போது இல்லை. வக்கீல் சொல்வதைப் பார்த்தால், அம்மா சாகும்வரைக்கும் சட்டப்படி அப்பாவின் மனைவியாகவே இருந்திருக்கலாம். அவள் காதில் இது விழாமல் போனதே நல்லது.

அந்த வருஷம் ஐந்தாம் வகுப்பு முடித்ததும் நான் ஒரு வெல்டிங் பட்டறையில் சேர்ந்தேன். அம்மா கூடுவாஞ்சேரியில் மறுபடியும் சித்தாள் வேலைக்குப் போனாள். மாமா வீட்டுக்குப் பின்னால் சாய்ப்பு இறக்கி அதில்தான் இருந்தோம். மாமா எங்களை ஒருநாளும் போகச் சொன்னதில்லை. ஆனால் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேச அவருக்கு ரொம்ப நாள் ஆனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பையில் எங்கள் துணிகளை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். மாமா முன்னால் நடந்தபடியே திட்டிக்கொண்டு போனார். “கைக்கு வந்த வூட்டத் தூக்கிக் குடுத்துட்டியேக்கா. பையன் எங்க போய்டுவான்? நாளைக்கி அவனே ஓடியாந்துருப்பான். வூடு வருமா?”

“வூடு கெடக்குது, நட” என்றாள் அம்மா.

அவள் இடுப்பில் தங்கை இருந்தாள். இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். ரோட்டைத் தாண்டும்போது பிடிப்பது வழக்கம்தான், தாண்டியதும் விட்டுவிடுவாள். அன்றைக்கு விடவில்லை. பஸ்ஸிலும் விடவில்லை. தாம்பரம் ஸ்டேஷன் படியில் ஏறும்போது, “வலிக்குதும்மா” என்றேன். கொஞ்சம் தளர்த்தினாள், மறுபடியும் இறுக்கிக்கொண்டாள்.

ரயிலில் கூட்டமே இல்லை. ஜன்னலோரம் காலியாக இருந்தது. எனக்கு அங்கே போய் உட்கார வேண்டும். தோற்றுப்போன கோபத்தை அம்மா என் கையில் காட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, கூடுவாஞ்சேரி வரும்வரைக்கும் கையை உருவிக்கொள்ளப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.