அடிமை இந்தியா வேஷம்

சுதந்திரத்தின் எழுபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்கு எங்கள் பக்கத்தில் கமிட்டி போட்டபோது நான் ப்ளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் சேர்த்து ஒரே கமிட்டி. மேடையை எந்த ஊரில் போடுவது என்று பெரிய மனிதர்களுக்குள் கொஞ்ச காலம் சண்டை நடந்தது. கடைசியில் ஊர்வலம் ராஜபாளையத்தில் கிளம்பும், மேடை ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என்று சமாதானமானார்கள். அம்மா சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். அம்மா வேலை பார்த்த பேண்டேஜ் துணி கம்பெனியின் முதலாளிதான் கமிட்டித் தலைவர். கூட்டம் நடக்கும் நாட்களில் ஹாலைப் பெருக்கவும் டீ கொடுக்கவும் அம்மாவைக் கூப்பிட்டுக்கொள்வார்.

அப்பா கேரளாவில் எஸ்டேட் வேலையில் இருந்தார். ஊருக்கு வருவது எப்போதாவதுதான். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அம்மாவுக்கு என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒரே ஒரு விஷயம் இருந்தது. நான் நன்றாகப் பேசுவேன். பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டிகளில் எனக்குத்தான் பரிசு வரும். லாரியில் பாரத மாதா வேஷம் போட்டு வசனம் பேச ஒரு பெண் வேண்டும் என்று கமிட்டி தேடியபோது, டீத் தட்டோடு நின்ற அம்மா, "என் மக நல்லாப் பேசுவா மொதலாளி" என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். பள்ளிக்கூடச் சீருடையை மறுபடி துவைத்து, தேய்த்துப் போட்டிருந்தேன். பலசரக்கு மண்டிக்கு மேலே மாடியில் பெரிய அறை. நடுவில் முதலாளி. அவருக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடைக்காரர், ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர், டாக்டர், மகளிர் சங்கத் தலைவி. ஹெட்மாஸ்டர் எழுதிய வசனத்தை நான் ராத்திரியோடு ராத்திரியாக மனப்பாடம் செய்திருந்தேன். 'நான் சுதந்திர இந்தியா பேசுகிறேன்' என்று தொடங்கும். ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல் பேசினேன். முடித்ததும் ஹெட்மாஸ்டர் கைதட்டினார்.

"குரல் கணீர்னு இருக்கு. அதுல ஒண்ணும் சொல்றதுக்கில்ல" என்றார் மகளிர் சங்கத் தலைவி. "ஆனா பாரத மாதான்னா ஒரு களை வேணும்ல?"

"பவுடர் போட்டாச் சரியாயிரும்மா" என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

"மூஞ்சிக்குப் போடலாம். கைக்கும் காலுக்கும் எம்புட்டுப் போடுவீங்க? வெயில்ல வேர்த்து வழிஞ்சா கோடு கோடாத் தெரியும். பாக்குறவங்க சிரிப்பாங்க."

எல்லோரும் என் கைகளைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அம்மா ஓரமாக நின்று டம்ளர்களில் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

முதலாளி கொஞ்சம் யோசித்தார். பிறகு மேஜையைத் தட்டினார். "ரெண்டு இந்தியா வைப்போம்யா. முன்னால அடிமை இந்தியா, பின்னால சுதந்திர இந்தியா. அடிமை இந்தியா கருப்பா இருந்தாத்தான் எடுப்பா இருக்கும். இந்தப் பிள்ள அதுக்கு அளவெடுத்து வச்ச மாதிரில இருக்கு!"

அறையே அந்த யோசனையைக் கொண்டாடியது. சுதந்திர இந்தியாவாக ஜவுளிக்கடைக்காரரின் மகள் வரட்டும் என்று அப்போதே முடிவாயிற்று. அவள் என் வயதுதான், வேறு பள்ளிக்கூடம், நல்ல சிவப்பு. அடிமை இந்தியாவை அடிக்க ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் வேண்டுமே என்றார் டாக்டர். அதற்கும் ஜவுளிக்கடைக்காரரே தன் மகனைக் கொடுத்தார். என்ஜினியரிங் படிக்கிறவன், வாட்டசாட்டமாக இருப்பான்.

"அப்ப வசனம்?" என்று கேட்டார் ஹெட்மாஸ்டர். "இந்தப் பிள்ள மாதிரி யாரு பேசுவா?"

"இது பேசட்டும், ரெக்கார்டு பண்ணிக்கிடுவோம். அந்தப் பாப்பா வாயசைச்சாப் போதும்" என்றார் முதலாளி. பிறகு என்னைப் பார்த்து, "சந்தோசம்தானே பாப்பா? ரெண்டு வேசமும் உனக்குத்தான் மாதிரி" என்றார்.

திரும்பி வரும்போது அம்மாவிடம், "நான் வரமாட்டேன்" என்றேன்.

"மொதலாளி ஆசைப்பட்டுக் கேட்டுட்டாவ. இப்ப மாட்டேன்னு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல? ஒரு நாள் கூத்து. கண்ணை மூடிக்கிட்டு நின்னுட்டு வந்துரு" என்றாள் அம்மா.

ஆட்டோ விளம்பரங்களுக்குக் குரல் பதிவு செய்யும் ஒரு சிறிய ஸ்டுடியோவில் வசனத்தைப் பதிந்தார்கள். ஜவுளிக்கடைக்காரரின் மகளும் வந்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று வாயசைத்துப் பார்த்துவிட்டு, "ஏ, மெதுவாப் பேசு. எனக்கு வாய் ஒட்டமாட்டேங்குது" என்றாள். அவள் வாய்க்கு ஒட்டும்வரை திரும்பத் திரும்பப் பேசினேன்.

விழாவன்று காலையில் மேக்கப்காரர் என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, முகத்திலும் கைகளிலும் கரியைக் குழைத்துப் பூசினார். நான் ஏற்கெனவே கருப்புதானே என்று கேட்டேன். "தூரத்துல இருந்து பாத்தாலும் தெரியணும்ல" என்றார். சாக்கு நிறத்தில் கிழிந்த சேலை, விரித்துப் போட்ட தலைமுடி, கைகளில் பிளாஸ்டிக் சங்கிலி. லாரியின் முன்பகுதியில் என்னை மண்டியிடச் சொன்னார்கள். பின்னால் உயரமான பலகையில் ஜவுளிக்கடைக்காரரின் மகள் பட்டுச்சேலையும் கிரீடமுமாக நின்றாள். அவள் தலைக்கு மேலே மட்டும் பந்தல் போட்டிருந்தார்கள்.

சிப்பாய்க்காக ஹெட்மாஸ்டர் பழைய துண்டை முறுக்கி ஒரு சாட்டை செய்து வைத்திருந்தார். ஒத்திகையில் ஜவுளிக்கடைக்காரரின் மகன் அந்தத் துண்டால்தான் அடித்தான். பட்டதே தெரியாது. அன்றைக்கு அவன் கையில் இருந்தது மாட்டுக்காரர்கள் வைத்திருக்கும் தோல் சாட்டை. "துண்டு வீடியோவுல எடுபடாது சார்" என்று அவன் சொன்னதும் ஹெட்மாஸ்டர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

ராஜபாளையத்தில் சங்கரன்கோவில் ரோடு பிரியும் முக்கில் லாரி கிளம்பியது. முதலில் அவன் லாரித் தரையில்தான் அடித்தான். சத்தம் பெரிதாகக் கேட்டது. பஞ்சு மார்க்கெட்டில் கூட்டம் நெருங்கி வந்து செல்போன்களைத் தூக்கிப் பிடித்தது. "ஏலே சிப்பாய், அடிலே! தரைய எதுக்கு அடிக்க?" என்று யாரோ கத்தினார்கள். சிரிப்பு எழுந்தது. அடுத்த அடி என் முதுகில் விழுந்தது.

நான் அலறினேன். கூட்டம் கைதட்டியது.

"அண்ணே, நெசமாவே வலிக்குண்ணே" என்றேன். அவன் குனிந்து, பார்ப்பவர்களுக்குத் தெரியாதபடி, "சூப்பரா இருக்கு. அப்படியே நடி" என்றான். மறுபடி அடித்தான். நான் கத்திக் கூப்பிட்டால் முதலாளியின் ஜீப்புக்குக் கேட்கிற தூரம்தான், முன்னால்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் லாரியின் நாலு பக்கமும் ஸ்பீக்கர்களில் என் குரல்தான் முழங்கிக்கொண்டிருந்தது. நான் என்ன கத்தினாலும் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டவர்களும், "என்னமா நடிக்கி பாரு இந்தப் பிள்ள" என்றுதான் சொன்னார்கள்.

கம்பெனிப் பெண்களுக்குக் காவி, வெள்ளை, பச்சை என்று சேலை கொடுத்து லாரிக்குப் பின்னால் வரிசையாக நடக்கவிட்டிருந்தார்கள். அம்மா பச்சை வரிசையில் வந்தாள். எல்லோரும் கைதட்டும்போது அவளும் தட்டிக்கொண்டிருந்தாள். எந்த அடியில் அவளுக்குப் புரிந்தது என்று தெரியவில்லை. திடீரென்று வரிசையை விட்டு ஓடிவந்து லாரியின் பக்கவாட்டுப் பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, மெள்ள அடிங்க தம்பி. பிள்ளைக்கு வலிக்கு. அது நடிக்கல தம்பி."

ஹெட்மாஸ்டர் கையில் மைக் இருந்தது. அதிலேயே சொன்னார்: "ஏம்மா, அந்தப் பச்சைச் சேலை! வரிசையை விட்டு வராத. போட்டோ கெட்டுப்போகுதுல்ல."

ஜனங்கள் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்கள். அம்மா பலகையை விட்டாள். அப்படியே பின்னால் நடந்து வரிசைக்குப் போய் நின்றுகொண்டாள்.

ஊர் எல்லையில் நடந்து வந்தவர்கள் நின்றுவிட, லாரி வேகமெடுத்தது. அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு சோடா குடித்தான். தங்கைக்கும் கொடுத்தான். தன் போனைக் காட்டி, "பயலுக வீடியோவப் போட்டாச்சு, பாரு, எம்புட்டு லைக்குன்னு! வில்லிபுத்தூர்ல இன்னும் கொஞ்சம் சத்தமாக் கத்து" என்று என்னிடம் சிநேகமாகத்தான் சொன்னான். அவனுக்கு என்மேல் எந்தக் கோபமும் இல்லை. இன்றைக்கும் எனக்கு ஆறாமல் இருப்பது அதுதான். கோபத்தில் அடித்திருந்தால்கூட நான் ஒரு மனுஷி என்று அவனுக்குத் தெரிந்திருக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கோபுரம் தெரியத் தொடங்கியதிலிருந்து மேடைவரை மறுபடி அடித்தான். நான் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டேன். கத்தவைப்பதற்காக இன்னும் ஓங்கி அடித்தான்.

மேடையில் சிறந்த நடிப்புக்கான கேடயத்தைச் சிப்பாய்க்குக் கொடுத்தார்கள். சுதந்திர இந்தியாவுக்குப் பொன்னாடை. எனக்கு ஒரு டிபன் பாக்ஸ். வாங்கிக்கொண்டு திரும்பியபோது முன்வரிசையில் இருந்த டாக்டர் என் முதுகைப் பார்த்தார். சேலையில் ரத்தம் ஒட்டியிருந்தது. எழுந்து வந்து பார்த்துவிட்டு, "தோல் கொஞ்சம் உரிஞ்சிருக்கு. ஆயின்மென்ட் போட்டாச் சரியாயிரும்" என்று சொல்லிவிட்டு நாற்காலிக்குத் திரும்பிப் போனார்.

வீட்டில் அம்மா கரியைத் தேய்த்துக் கழுவி, காயத்துக்கு மருந்து போட்டு, கம்பெனியில் கழித்துப்போட்ட பேண்டேஜ் துணியைச் சுற்றிக் கட்டினாள். நான் அழுததும், "சத்தம் காட்டாதட்டி. பக்கத்து வீட்டுக்காரி கம்பெனியிலதான் இருக்கா. மொதலாளி காதுக்குப் போயிரும்" என்றாள். அவன் அடித்ததைவிட அது வலித்தது.

வீடியோ பள்ளிக்கூடம் முழுக்கப் பரவியது. அதற்குப் பிறகு எனக்குப் பேர் 'அடிமை'தான். "ஏட்டி அடிமை, நோட்டைக் குடு" என்பார்கள். எரிச்சலோடு சொல்லவில்லை, செல்லப்பேர் போலவே புழங்கியது. ஒரு டீச்சர்கூட வாய்தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டுச் சிரித்தார்.

தீபாவளிக்குத் துணி எடுக்க அம்மா என்னை அந்த ஜவுளிக்கடைக்கே கூட்டிப் போனாள். கம்பெனிக்காரர்களுக்கு அங்கே விலை குறைத்துத் தருவார்கள். கடையில் கூட்டம் நெரிந்தது. லீவுக்கு வந்திருந்த அவன் கல்லாவில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "என்ன அடிமை, தீபாவளிக்குத் துணியா?" என்றான். பக்கத்தில் நின்றவர்களிடம், "இதுதான் அந்த வீடியோப் பிள்ள" என்றான். அவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள்.

அம்மா சிரித்ததைப் பார்த்தபிறகு என்னால் நிற்க முடியவில்லை. கல்லாவுக்கு முன்னால் போனேன். மேடையில் எப்படிப் பேசுவேனோ அப்படி, கடைக் கோடியில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி பேசினேன்.

"என் முதுகுல தழும்பு இருக்கு. நீங்க அடிச்சது. வலிக்குதுன்னு சொன்ன பொறவும் அடிச்சீங்க. இப்ப இங்க வச்சு அடிங்க பாப்போம். வேசம் இல்லாம அடிங்க."

அவன் முகம் வெளுத்தது. முதல்முறையாக என்னைச் சரியாகப் பார்த்தான் என்று தோன்றியது. "வெளையாட்டுக்குத்தானே..." என்று இழுத்தான். அவன் அப்பா உள்ளேயிருந்து வேகமாக வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவைப் பார்த்து, "பிள்ளையை வளத்திருக்க லட்சணமா இது? யாவாரம் நடக்குற எடத்துல வந்து கூத்துக் கட்டுதா. கூட்டிட்டுப் போ" என்றார். எடுத்து வைத்திருந்த துணிகளை வேலையாள் எங்கள் கண்முன்னாலேயே மறுபடி அலமாரியில் அடுக்கினான்.

மறுநாள் கம்பெனி வாசலிலேயே அம்மாவை நிறுத்தி, இனிமேல் வரவேண்டாம் என்று வாட்ச்மேன் சொல்லி அனுப்பிவிட்டார். மற்ற கம்பெனிகளிலும் கேட்டுப் பார்த்தாள். ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் வேண்டியவர்கள். யாரும் எடுக்கவில்லை. அம்மா பக்கத்து ஊரான மம்சாபுரத்துக்குக் களை எடுக்கப் போனாள். இடுப்பு பிடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடிதான் எழுந்திருப்பாள். என்னைத் திட்டவும் இல்லை, செய்தது சரி என்று சொல்லவும் இல்லை. நான் படிப்பை விட்டுவிடுகிறேன் என்றபோது மட்டும், "அந்தப் பேச்சை எடுத்த, வாயிலயே போடுவேன்" என்றாள்.

பொங்கல் கழிந்ததும் ஒரு நாள் காலையில், "கெளம்பு, மொதலாளி வீட்டுக்குப் போவோம்" என்றாள். எதற்கு என்று எனக்குத் தெரியும். வழியெல்லாம் 'மன்னிச்சிருங்க' என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிப் பழகிப் பார்த்தேன். வாய்க்கு வரவில்லை.

முதலாளி ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மாவைத் தாண்டி என்னைத்தான் பார்த்தார். "பொட்டப்பிள்ளைக்கு இம்புட்டுக் கோவம் ஆகாது பாப்பா. உன்னால உங்க அம்மா வெயில்ல கெடக்கா. என்ன சொல்லுத?"

நான் வாயைத் திறக்குமுன் அம்மா எனக்கு முன்னால் வந்து நின்றாள். அவர் முகம் எனக்குத் தெரியாதபடி மறைத்துக்கொண்டு நின்றாள்.

"அது சின்னப்பிள்ள மொதலாளி. தப்பு எம்மேலதான். மன்னிச்சிருங்க. வேலையக் குடுங்க."

அவர் பேப்பரின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். பிறகு, பழைய இடம் இல்லை, பெருக்குகிற வேலைதான் இருக்கிறது, திங்கட்கிழமை வா என்றார். அம்மா கும்பிட்டாள்.

தெருவுக்கு வந்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "நீ எதுக்கும்மா மன்னிப்புக் கேட்ட? நீ என்ன தப்புப் பண்ணுன?"

"நான் கேட்டது வேலை" என்றாள் அம்மா. "அதுக்குப் பேரு மன்னிப்புன்னு அவிய நெனச்சுக்கிட்டா நெனச்சுக்கிடட்டும். நீ கேக்கலல்ல? அம்புட்டுத்தான்."

முக்கில் மினிபஸ் வந்து நின்றது. இடுப்பில் கை கொடுத்துக்கொண்டு ஏறினாள். ஜன்னலோர இடத்தைப் பிடித்து, என்னை உட்காரச் சொன்னாள்.